முனியாண்டி வளைவும் ஸ்டியரிங் எண்ணெயும்

ஸ்டியரிங் எண்ணெய் மாற்றிப் பிழைக்கிறவன் என்று சொன்னால் பெண் வீட்டாருக்கே விளங்கவில்லை. "எண்ணெய் மாத்துறது சரி, வேலை என்ன பாக்குறாரு?" என்று என் மாமனார் தரகரிடம் கேட்டாராம்.

மலைநாட்டுக் கொட்டகலையில் பிரதான பாதையோரம் ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் மாரியம்மன் கோயில், நடுவில் தகரக் கூரை போட்டது என் கராஜ். பிரேக், கிளட்ச் எல்லாம் பார்ப்பேன். ஆனால் பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது பவர் ஸ்டியரிங்தான். சமவெளியில் ஓடுகிறவன் ஒரு கிழமை ஏழு நாளும் திருப்புகிற ஸ்டியரிங்கை எங்கள் ஆள் ஹட்டனுக்கு ஒரு தடவை போய் வருவதற்குள் திருப்பிவிடுவான். எங்கள் பாதை அப்படி. அத்தனை திருப்பலுக்கும் உள்ளே உழைப்பது அரைப் போத்தல் எண்ணெய். வண்டிக்காரர்கள் கண்ணாடி துடைப்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள், முன்னால் கட்டிய எலுமிச்சம்பழத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் மாற்றுவார்கள். இந்த எண்ணெயை மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றமாட்டார்கள். வாயை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்து, வண்டியிலிருந்து சொட்டியதை ருசி பார்த்த சக தொழிலாளிகளுக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

கோயில் பக்கம், ரயில் பக்கம்

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். முன் சக்கரங்கள் நிலத்தில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஸ்டியரிங் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வருகிற குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட வேண்டும். ஒருவர் டப்பாவில் புது எண்ணெயை ஊற்ற ஊற்ற, மற்றவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். பழையது கறுப்பாக வந்து, பழுப்பாகி, கடைசியில் சிவப்பாக வந்தால் முடிந்தது. திருப்புகிற அந்த மற்றவர் என் மனைவி சாந்தி. கல்யாணத்துக்கு மறு மாதம், வேலைக்கு இருந்த ஆள் கொழும்புக்குப் போய்விட்டான் என்று ஒரு நாளைக்கு மட்டும் உட்காரச் சொன்னேன். அப்படி உட்கார்ந்தவள்தான்.

முதல் நாளே சண்டை. நான் வண்டிக்கு முன்னால் நின்று அவளைப் பார்த்தபடி "இடது" என்பேன், அது அவளுக்கு வலது. நான் குனிந்து குழாயைப் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து அவள் எதிர்ப்பக்கம் திருப்ப, குழாய் போத்தலை விட்டுத் துள்ளி என் கல்யாணச் சட்டையை நனைத்தது. கல்யாணச் சட்டையோடு கராஜில் உனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள், புது மாப்பிள்ளை. அன்றிலிருந்து எங்களுக்கு இடமும் இல்லை வலமும் இல்லை. கோயில் பக்கம், ரயில் பக்கம். வருகிற ஆட்கள் ஏதோ சாங்கியம் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். முறை நல்ல முறைதான், அதிலும் ஒரு ஓட்டை இருப்பதைச் சாந்தி அன்றே கண்டுபிடித்தாள்.

"கோயில் பக்கம் திருப்புன்னா திருப்புறேன், ரயில் பக்கம் திருப்புன்னா திருப்புறேன். நிறுத்துன்னு யாருங்க சொல்றது, சாமியா?"

வாத்தியார் கேட்ட போத்தல்

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரிடம் பழைய கெப் ஒன்று இருக்கிறது. பிக்கப் வண்டியை நாங்கள் கெப் என்றுதான் சொல்வோம். லீவு விட்டதும் அதில் லீக்சும் கரட்டும் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய் உறவுக்கெல்லாம் பங்கு வைப்பார். ஸ்டியரிங் திருப்பினால் முனகுகிறது என்று கொண்டுவந்தார். எண்ணெய் மாற்றி முடியும் வரை உட்காரவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் நடப்பதுபோல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாந்திக்கு ஸ்டியரிங்கைத் திருப்பவே கூச்சமாகப் போய்விட்டது.

முடிந்ததும் பழைய எண்ணெயைத் தனக்குத் தரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அதைக் கேட்டு வாங்கிய முதல் ஆள் அவர்தான். கோப்பிச் சாயம்போல் இருந்ததை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி, பக்கத்தில் புதுச் சிவப்பை இன்னொரு போத்தலில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டையும் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பிள்ளையளுக்குக் காட்டப்போறன், பத்து வருசம் திறந்து பாராமல் விட்டால் உள்ளுக்க என்ன நடக்குமெண்டு. அதிபருக்கும் ஒருக்காக் காட்டுவம்."

கை எடுக்க முடியாத டிரைவர்

கொட்டகலைக்கு மேலே அரை மணி நேரத் தூரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே போகிற பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு, வளைவில் ஒரு மரம், மரத்தடியில் சூலமும் கல்லும். அதுதான் முனியாண்டி. எந்த டிரைவரும் அந்த இடத்தில் வலது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து நெற்றியில் வைக்காமல் கடக்கமாட்டார். நிறுத்தத் தேவையில்லை, தேங்காய் உடைக்கத் தேவையில்லை, கை மட்டும் எழும்ப வேண்டும். தோட்டத்துக் கெப்பை இருபத்தாறு வருடமாக ஓட்டுகிற மருதமுத்து அண்ணன் ஒரு மத்தியானம் கராஜுக்கு வந்து, இரண்டு கிழமையாக முனியாண்டிக்குக் கை எடுக்க முடியவில்லை என்றார். நான் தோள்வலி என்று நினைத்து, ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். அப்புறம்தான் விளங்கியது. ஸ்டியரிங் கனக்கிறது, ஒரு கையால் அந்த வளைவைத் திருப்ப முடியவில்லை.

உட்கார்ந்து திருப்பிப் பார்த்தேன். பூப்போல இருந்தது. மூடியைத் திறந்தேன், டப்பா நிறைய எண்ணெய் இருந்தது. நிறைய இருந்தால் நல்லது என்று மூடிவிட்டேன். வீட்டில் அன்று நெத்தலிக் குழம்பு, மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னாராம். "ஸ்டியரிங்கில் குறை இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மருதமுத்து அண்ணன் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டிக் கதவைப் பிடித்தபடி சொன்னார்.

"மத்தியானத்துல எனக்கும் லேசாத்தான் தம்பி இருக்கு. காலையிலதான் அது என்னைய மதிக்க மாட்டேங்குது."

நான் எழுதிய துண்டு

நாலைந்து நாள் கழித்து அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியில்லாமல் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை, ஆள் பாதியாகத் தெரிந்தார். புதிதாக வந்த துரை என் துண்டைப் படித்திருக்கிறார். வண்டியில் குறை இல்லையென்றால் குறை ஆளில்தானே. காலைப் பெரட்டில், வேலைக்குப் பிரித்து அனுப்ப எல்லோரும் கூடி நிற்கிற அந்த இடத்தில், டிரைவருக்கு வயதாகிவிட்டது, அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து அவர் கேட் காவலுக்குப் போகட்டும், வண்டிக்கு வேறு ஆள் வருவார் என்று சொல்லிவிட்டார். துரை கெட்டவர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

மருதமுத்து அண்ணன் என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அதற்கு வரவில்லை. ஹட்டனுக்குப் போகிற வழியில் அப்படியே சொல்லிவிட்டுப் போக இறங்கினாராம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அந்த வண்டியிலேயே இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, அதில் ஒன்று இப்போது படித்து வேலையில் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாந்தி கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க அன்னைக்கு வண்டியப் பாக்கல்லீங்க. மணியத்தான் பாத்தீங்க."

தேங்காய் எண்ணெய்

மறுநாள் காலை நல்ல பனி. சாந்தி தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்துவிடும். அடுப்போரம் வைத்தால்தான் இறங்கும். மத்தியானம் பார்த்தால் அதே போத்தலில் தண்ணீராக இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. காலையில் கனம், மத்தியானம் லேசு.

தோட்டத்துக் கெப்பின் டப்பாவில் இருந்தது வேறு ஏதோ எண்ணெய். காலைக் குளிரில் பாகாக இறுகி, வண்டி ஓடிச் சூடானதும் இளகிவிடுகிற தடித்த எண்ணெய். நான் மத்தியான வெயிலில், சூடான வண்டியில், மூடியைத் திறந்து அளவை மட்டும் பார்த்திருக்கிறேன். விரலால் தொட்டு முகர்ந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ள ஓடினேன். ஓடிய பிறகுதான் மணி எட்டரை, பெரட்டு முடிந்து வண்டியும் சூடாகியிருக்கும் என்று உறைத்தது. அடுத்த நாள் விடியவே போவது என்று முடிவு செய்தோம். சாந்திக்குத் தலைக்கு எண்ணெய் வைக்கிற அவசரம். போத்தலை என்னிடம் நீட்டினாள்.

"ஓடுறதுன்னா ஓடுங்க. போறப்ப இத அடுப்போரமா வச்சிட்டு ஓடுங்க."

பெரட்டில்

மறுநாள் நாங்கள் இருவரும் போய் இறங்கியபோது பெரட்டுக்கு ஆள் கூடியிருந்தது. பெண்கள் கூடையோடும் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கோடும் வரிசையில் நின்றார்கள். கெப் பனி மூடி ஓரத்தில் நின்றது. நான் துரையிடம் போய், என் துண்டு பிழை, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் சிங்களவர், எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். எழுதிக் கொடுத்ததை இப்போது மாற்றுகிறாயே, டிரைவர் உனக்குச் சொந்தமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குள் சாந்தி ஏறி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டாள். ஸ்டியரிங் பம்பு, மாடு கத்துவதுபோல் கத்தியது. அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கி, துரையை ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள்.

துரை உட்கார்ந்தார். முப்பது வயது, பள்ளிக்கூட நாளில் ரக்பி விளையாடிய தோள். ஸ்டியரிங் கால்வாசி போய் நின்றது. கம்பளித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, இருக்கையிலிருந்து எழும்பி இழுத்தார். வரிசையில் சிலர் படங்குச் சாக்கால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் டப்பாவைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தேன். எண்ணெய் கித்துள் பாணிபோல், தடித்த பாகாய், நூலாக இறங்கியது. வாடையும் தெரிந்த வாடைதான், தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து உருட்டுகிற ரோலர் மெஷினின் கியர் எண்ணெய். துரை அதைப் பார்த்தார். குறை டிரைவரின் வயதில் இல்லை என்பது தெரிந்துவிட்டது, ஆனால் துரைக்குக் கோபம் வந்துவிட்டது. தோட்டத்து வண்டியில் இதை யார் ஊற்றியது என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். மருதமுத்து அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"நான்தாங்க ஊத்துனேன்."

வெயில் மறைப்புக்குள் இருந்தது

வண்டியைக் காப்பாற்றப் போய் ஆளை மாட்டிவிட்டோம். வயதானவருக்கு கேட் காவலாவது கிடைக்கும், தோட்டத்து வண்டியைக் கெடுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியாது. ஹட்டனில் துரைக்கு வேலை இருந்தது, அதனால் அவரும் கெப்பிலேயே கராஜுக்கு வந்தார். எஞ்சின் சூட்டில் ஸ்டியரிங் கொஞ்சம் இளகியதும் மருதமுத்து அண்ணன் ஓட்ட, துரை பக்கத்தில். நாங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில். முனியாண்டி வளைவில் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கிடக்க, மருதமுத்து அண்ணன் தலையை மட்டும் தாழ்த்திவிட்டுப் போனதைப் பார்த்தேன்.

வேலையைத் தொடங்கினோம். கோயில் பக்கம், ரயில் பக்கம். தடித்த எண்ணெய் இறங்க மனமில்லாமல் இறங்கியது. எண்ணெய் எண்ணெய்தானே என்று ஊற்றியது இப்படிக் கனக்கும் என்று நினைக்கவில்லை என்றார் மருதமுத்து அண்ணன். மூன்று போத்தல் புது எண்ணெய் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. மேலேறிய வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சாந்தி கண்ணாடிக்கு மேலே மடித்திருந்த வெயில் மறைப்பைக் கீழே இழுத்தாள். மடியில் ஒரு துண்டு விழுந்தது. அவளுக்கு எதையும் மனதுக்குள் படிக்கத் தெரியாது. கோயில் பக்கம் என்று கத்துகிற அதே குரலில் படித்தாள்: கெப் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் ஒரு போத்தல் வேண்டும், ஸ்டோரில் இல்லை, ஃபெக்டரி ரோலர் எண்ணெய் கொடுக்கவும். கீழே யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்றாள்.

துரை வந்து அதை வாங்கிப் பார்த்தார். கிறுக்கல் அவருடையது. காலையில் வருகிற துண்டுக் கட்டில் இதையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு, இதைப் பெரட்டில் ஏன் காட்டவில்லை என்று மெதுவாகக் கேட்டார். மருதமுத்து அண்ணன் வெளியே ரயில் பாதையைப் பார்த்தபடி சொன்னார்.

"அத்தனை பேருக்கு முன்னாடி நீங்க என்னையச் சொன்னீங்க, எனக்கு அவமானமா இருந்திச்சு. அதையே நான் உங்களுக்குச் செய்யணுமாங்க?"

கும்பிடு

போத்தலுக்குள் சிவப்பு வந்தது. காற்று போக மறுபடியும் பத்துத் தடவை திருப்பினோம். வண்டியை இறக்கியதும் சாந்தி ஒரு விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றிக் காட்டினாள். துரை என் பழைய துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கிழித்தார். தன்னுடையதைக் கிழிக்கவில்லை, மடித்து வைத்துக்கொண்டார். எங்கள் கெப் வாத்தியாரின் ஞாபகம் வந்து, அந்தத் தடித்த எண்ணெயில் ஒரு ஜாம் போத்தல் அவருக்கென்று எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில் துரை முன்னால் வந்து நின்று, டிரைவரில் பிழை இல்லை, எண்ணெயில் பிழை, அந்தத் துண்டில் கையெழுத்துப் போட்டது நான் என்று சொன்னாராம். கொழுந்து எடுக்கிற பெண்கள் அன்று மலைக்குப் போகிற வரை அதைப் பற்றியேதான் பேசினார்களாம். கேட் காவல் பேச்சு அதோடு போயிற்று. மருதமுத்து அண்ணனே வந்து இதைச் சொன்னார். அன்று அவர் வந்தது எங்களுக்கு ஒரு பை கரட் கொடுக்க. வண்டியில் வந்திருந்தார், ஆள் முழுதாகத் தெரிந்தார்.

முனியாண்டிக்குக் கை எழும்புகிறதா என்று கேட்டேன். எழும்புகிறதாம். போன கிழமைகளின் பாக்கிக்கும் சேர்த்து முதல் நாள் மூன்று தடவை கும்பிட்டாராம். துரை என்ன சொன்னார் என்று சாந்தி விடாமல் கேட்டாள். அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அவரும் இப்ப கும்பிடுறாருங்க. நான் அந்த முனியாண்டி முடக்குல கையை எடுக்கிறப்ப, அவருக்கு வேற வழி இல்ல."

பன்னிரண்டு வருடத்தில் நான் மாற்றிய எண்ணெயில் பாதி என் சட்டைகளில்தான் இருக்கிறது, ஆனாலும் இப்போது யார் வண்டி கொண்டுவந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறேன்.